ஏழுக்கு அடுத்த எண்

அன்புள்ள அக்கா கெய்துமெட்சேவுக்கு, கபரோனேயிலிருந்து தம்பி மொலெஃபி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் மாடுகள் நலமா, முழங்கால் நலமா? முழங்கால் என்று எழுதவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதனால் அது நலமாக இருந்தே ஆக வேண்டும்.

என் மகள் வாமேயின் கல்யாணம் எட்டாம் தேதி நடந்தது. நீ பத்தாம் தேதி தோளில் கம்பளியோடு வந்து இறங்கினாய். கழுவிக் கவிழ்த்த பானைகளைப் பார்த்தாய். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாய். அழைப்பில் 10 என்று எழுதியவன் நான்தான். ஆனால் அக்கா, எட்டு என்று நினைத்துத்தான் எழுதினேன்.

முதியோர் வகுப்பில் எழுத்து மட்டும்தான் இந்த வருஷம், எண்கள் அடுத்த வருஷம் என்றார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நான் பெருக்கித் துடைக்கும் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எண்ணுக்கா பஞ்சம் என்று அங்கேயே கற்கத் தொடங்கினேன், அங்கே விமானங்களுக்கு வழி சொல்லும் கொமோட்சோ அம்மா ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு இலக்க எண் ஒன்றைச் சொல்வார், விமானி அதைத் தன் விமானத்திலிருக்கும் சிக்னல் பெட்டியில் திருகி வைப்பார், உடனே திரையில் எந்தப் புள்ளி யாருடையது என்று தெரிந்துவிடும், பக்கத்தில் பறக்கும் இரண்டு பேருக்கு ஒரே எண் தரமாட்டார்கள், ஒருவர் இறங்கியதும் அவர் எண் இன்னொருவருக்குப் போகும், அந்த எண்களைக் குறித்துவைக்கும் சீட்டுகளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துவந்து வரிசையாக எழுதிப் பழகினேன், 4006, 4007, அடுத்தது 4010. ஆக, எட்டை 10 என்று எழுத வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். அன்று எனக்கு என்ன சந்தோஷம், அக்கா!

நீ திரும்பிப் போன பிறகு கொமோட்சோ அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார்.

"மொலெஃபி ஐயா, அந்தப் பெட்டியில எட்டும் ஒன்பதும் கிடையவே கிடையாது! ஏழோட சரி."

"எட்டே இல்லாமலா இத்தன விமானம் பறக்குது?"

"அதெல்லாம் பறக்குது. உங்க வீட்டுப் பொண்ணுதான் தரையிலயே நிக்குது."

அது உண்மை. நம் வழக்கப்படி அத்தை நீ உட்கார வைத்துப் புத்தி சொல்லாமல் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது? மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்து வருகிறார். ஒரு தட்டு சோளக்களியும் இறைச்சியும் சாப்பிடுகிறார். "அத்தை வந்துட்டாங்களா?" என்று கேட்கிறார். மறுபடி ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். வாமே என்னை முறைக்கிறாள். "நீங்க படிச்சீங்க, நான் ஃபெயிலாயிட்டேன்" என்கிறாள்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ரேடியோ பழுதான விமானி 7600 என்று வைப்பாராம். அவர் பேசாவிட்டாலும் வருகிறார் என்று தெரிந்துகொண்டு எல்லோரும் வழிவிடுவார்களாம். உன்னையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பேச வேண்டாம், வந்து இறங்கு. உனக்காக மறுபடி ஒரு மாடு அடித்து விருந்து வைக்கிறோம். இந்த முறை தேதியைக் கொமோட்சோ அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் எழுதுவேன். இது சத்தியம்.

உன் பக்கம் நல்ல மழை பெய்யட்டும். மாடுகள் கொழுக்கட்டும்.

உன் தம்பி,
மொலெஃபி (கையெழுத்தும் நானே)

பின்குறிப்பு: எட்டை எப்படி எழுதுவது என்று காட்டாமலே கொமோட்சோ அம்மா லீவில் போய்விட்டார். தேதியை நானே எழுதிவிட்டேன்: அடுத்த மாதம் 10. என் எழுத்து பெரிது, கடிதம் எட்டுப் பக்கம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். ஏழாம் பக்கத்துக்கு அடுத்தது 10. நடுவில் எதுவும் தொலையவில்லை, தபால்காரரோடு சண்டை போடாதே.