நாவல் மரத்தடி கோல்ஃப் கோப்பை

ஒரு காட்டில், மரங்களைத் தவிர அனைவரும் பட்டதாரிகள். அக்காட்டின் பல்கலைக்கழகத்தில் கரடி, நரி, மயில், முள்ளம்பன்றி ஆகிய நால்வரும் ஒரே வகுப்பில் பயின்றனர். என்ன பயின்றனர் என்பது அவர்களுக்கே நினைவில்லை. சேர்ந்து பயின்றதை மட்டும் மறவாமல், ஆண்டுதோறும் ஒரு நாவல் மரத்தடியில் கூடினர்.

கூடியவர்கள் அன்பாகப் பேசிக்கொண்டனர் என்று நினைத்துவிட வேண்டாம். நரி, தான் சிங்கத்தின் ஆலோசகர் என்று சொல்லும். மயில், வெளிநாட்டு விலங்குக் காட்சிசாலையில் தன் மகனின் கூண்டுக்குக் குளிர்சாதன வசதி உண்டென்று சொல்லும். முள்ளம்பன்றியோ முட்களை மட்டும் நிமிர்த்தும்.

சென்ற ஆண்டு மயில், "ஆலோசகர்னா எலும்பு பொறுக்குறவர்தானே?" என்று கேட்டுவிட்டது.

"இனிமே என்னைக் கூப்பிடாதீங்கடா!" என்று நரி எழுந்து போயிற்று. கற்றவர்கள் ஆதலால் எவரும் எவரையும் கடிக்கவில்லை.

இழப்பு கரடிக்குத்தான். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் வேறு காட்டில். அக்கம்பக்கத்தார் அதனை 'ஐயா' என்றே அழைத்தனர். மாணவப் பருவத்துப் பெயரைச் சொல்லி 'தேன்மூக்கா' என்று கூப்பிட, உலகில் அந்த மூவரை விட்டால் எவருமில்லை.

காட்டோரத்தில் மனிதர்களின் கோல்ஃப் மைதானம் இருந்தது. அங்கே பெரியவர்கள் பலர், ஆளுக்கொரு புதரில் பந்தைத் தேடியபடியே நாள் முழுவதும் நட்புப் பாராட்டுவதைக் கரடி கண்டிருந்தது. அவர்கள் தொலைத்த பந்துகளைப் பொறுக்கி வந்தது. எலி வளைகளைக் குழிகளாக்கிக்கொண்டது. எலிகளிடம் அனுமதி கேட்கவில்லை. மைதானங்கள் அமைக்கப்படும் முறை அதுவே. ஒரு சுரைக்குடுக்கையைக் கோப்பை என்று அறிவித்துச் சொல்லியனுப்பியது.

கோப்பை என்றதும் மூவரும் வந்துவிட்டனர்.

"யாருக்கு ஆட வராதோ, அவங்களுக்குச் சலுகை அதிகம்டா," என்றது கரடி. "அதனால முதல்ல அவங்கவங்க குறையைச் சொல்லுங்க."

பெருமைக்கே பழகிய நாக்குகள் குறைக்குத் திரும்பின.

"எனக்கு இடுப்பு போச்சு," என்று தொடங்கிற்று நரி.

"தோகையில பாதி கொட்டிருச்சு. மிச்சம் ஒட்டு வச்சது," என்றது மயில்.

"எனக்கு இப்பல்லாம் ராத்திரியிலகூடக் கண்ணு தெரியலை," என்றது முள்ளம்பன்றி.

நரி விடவில்லை. "சிங்கம் என்னை எப்பவோ வெளிய அனுப்பிருச்சு. போதுமா?"

"அதுக்கும் ஆட்டத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று சீறியது மயில். "அப்ப, என் பையன் எங்கூடப் பேசுறதே இல்லை. அதையும் சேர்த்துக்க!"

நட்பினால் இயலாதது சலுகையினால் இயன்றது.

ஆட்டம் தொடங்கிற்று. நரியின் பந்து ஓடைப் பக்கம் பறந்தது. 'சளக்' என்ற ஓசை நரியின் கூரிய காதுக்கு மட்டும் கேட்டது. மயிலின் பந்தும் முள்ளம்பன்றியின் பந்தும் புதருக்குள் போயின. கடைசியாகக் கரடி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. காலை உணவுக்குப் பின் கை கழுவும் வழக்கம் கரடிகளுக்கு இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

எல்லோரும் தேடக் கலைந்தனர். கரடி எலி வளைக்குள் எட்டிப் பார்த்தது. ஒரே அடியில் உள்ளே விழுந்து கிடந்தது ஒரு பந்து. அதில் தேன் ஒட்டியிருந்தது.

தான் வென்றுவிட்டதை எண்ணிக் கரடி பயந்தது. 'ஆட வராது என்று ஏமாற்றினாயே' என்று மூவரும் பாய்வார்கள். மறு ஆண்டு நாவல் மரத்தடி வெறிச்சோடும். சுற்றுமுற்றும் பார்த்தது. பந்தை நக்கித் துடைத்தது. வளைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, "டேய் நரி! உன் பந்துதான்டா உள்ள கெடக்கு!" என்று கத்தியது.

நரி தயங்கவில்லை. "தெரியும். அப்படித்தான் அடிச்சேன்."

"இடுப்பு போச்சுன்னு சொன்னானே, பாவி!" என்று பொருமியது மயில். "அடுத்த வருஷம் அந்தக் கோப்பையைப் பிடுங்காம விடமாட்டேன்!"

"நானும்தான்," என்றது முள்ளம்பன்றி. இவ்வாறு அடுத்த ஆண்டுப் போட்டி உறுதியாயிற்று.

பரிசளிப்பின்போது, வென்றவர்களின் வழக்கப்படி நரி பந்துக்கு முத்தமிட்டது. உதட்டை நக்கிற்று. மறுபடியும் நக்கிற்று. கரடியை நெடுநேரம் பார்த்தது. பிறகு, கோப்பையைக் கக்கத்தில் முன்னிலும் இறுக்கமாக இடுக்கிக்கொண்டது.

"டேய் தேன்மூக்கா," என்றது. "அடுத்த வருஷமும் எங்கிட்ட தோக்க வந்துருவேல்ல?"

"வராம?" என்றது கரடி.

நீதி: நண்பர்கள் உண்மை பேச வேண்டுமானால் சலுகை கொடுங்கள், மறு ஆண்டும் வர வேண்டுமானால் கோப்பை கொடுங்கள். அன்பை மட்டும் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.