பாலத்து பஸ்ஸும் மணமக்கள் நாற்காலியும்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவும் நேற்று மாலை காவல் நிலையத்திலிருந்து நலமாக வீடு வந்து சேர்ந்தாள். பதறாதே, நிறைமாதக்காரி பதறக் கூடாது. கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு. தேவையானதை மட்டும் அவர் படித்துச் சொல்லட்டும்.

நம் அரசாங்கத்துக்கு உங்கள் நாட்டின் மேல் கோபம் வந்து இரு கரைக்கும் ஓடிய பாலத்து பஸ்ஸை நிறுத்தியதும், தொலைபேசியைத் துண்டித்ததும், அந்தக் கரை ஜனங்களைப் பகையாளி என்று ஒலிபெருக்கி வைத்துத் திட்டுவதும் உனக்குத் தெரிந்ததுதான். உன் பிரசவத்துக்கு வர அம்மா கட்டிய பெட்டி இன்னும் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது; தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன், நகர்த்தினால் சண்டைக்கு வருகிறாள். அவளும், தங்கையை அங்கே கட்டிக்கொடுத்த தையற்கடைக்காரம்மாவும் தெருவையே திரட்டிப் பாலத்தடியில் உட்காருவது என்று முடிவெடுத்தார்கள். பந்தல் என் பொறுப்பு. எதற்கென்று சொல்லப் பயந்து, அரசாங்க உத்தியோகம் பார்த்த உடம்பல்லவா, "நாலு பேர் உக்கார்ற மாதிரி பண்ணிடுங்க" என்று மட்டும் பந்தல்காரரிடம் சொன்னேன். அந்த மனுஷர் தமக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டார். ஜிகினா வளைவு, 'நல்வரவு', வண்ண விளக்கு, நடுவில் மணமக்களுக்கு இரண்டு சிவப்பு நாற்காலி! யாரோ ஒரு குடும்பம் பரிசுப் பொட்டலத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பாடு எப்போது என்று கேட்டது. மூட்டுவலிக்காரி அம்மா மணமகள் நாற்காலியில் அமர்ந்து, 'பாலத்தைத் திற' என்ற பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் வந்தார். "அனுமதி இல்லாம என்ன போராட்டம்?"

பலகையைத் துண்டால் மூடி, பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "போராட்டம் இல்லீங்க சார், எங்க கல்யாண நாள்" என்றேன். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது போலும். "நல்லா இருங்க" என்று திரும்பிவிட்டார். உன் அம்மா விடுவாளா?

"நில்லுங்க தம்பி. இவரு பயத்துல உளர்றாரு. எம் பொண்ணு அந்தக் கரையில பிள்ளை பெறப் போறா. அவளைப் பார்த்துக்கிற ஜனங்க எனக்குப் பகையாளியா? பஸ்ஸ விடச் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போறேன்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "வண்டில ஏறுங்கம்மா" என்றார், மெதுவாக. எல்லோரும் ஏறினோம், பரிசுப் பொட்டலக் குடும்பம் உட்பட. நான் ஏறியது வீரத்தால் அல்ல; வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுதாள். "வலி வந்தா அம்மான்னு தானேங்க கூப்பிடுவா" என்றாள். எனக்கும் தாங்கவில்லை, மகளே.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். நமக்கெதற்கு வம்பு? பெரிய இடத்தில் பார்த்துப் பேசி முடிப்பார்கள். அதுவரை கடிதம் இருக்கிறது. மாமியார் சொல்வதைக் கேட்டு நட. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: தபால் நிலையத்தில் இதை வாங்க மறுத்துவிட்டார்கள். இன்று முதல் உங்கள் நாட்டுக்குத் தபாலும் கிடையாதாம். அங்கிருந்து நேரே பாலத்தடிக்கு வந்து, காலையிலேயே மறுபடி இங்கே வந்து உட்கார்ந்துவிட்ட அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த வரிகளை எழுதுகிறேன். கடிதம் வந்து சேர்வதற்குள் உன் பிள்ளைக்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால், மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு, இதை மட்டும் படிக்கக் கொடு.