திரைக்குள் இருந்த ஆள்

அவள் கை மடியில் இருந்தது. மவுஸ் அம்பு மட்டும் திரையில் தானாக ஊர்ந்துபோய் ஒரு கோப்பைத் திறந்தது.

"பார்த்தீங்களா அக்கா? நான் தொடவே இல்ல."

"அது எப்பவும் அப்படித்தாம்மா," என்றார் கணக்குப் பிரிவு அக்கா, நகத்தை ஆராய்ந்தபடி.

எப்பவும் அப்படியாம்! எங்கோ இருக்கும் எவனோ ஒருவன் இந்த அலுவலகக் கணினிகளைத் தன் மேசையில் இருப்பதுபோல் இயக்குகிறான். அதற்கு வழிவிடும் ட்ரோஜன் என்ற திருட்டு மென்பொருள் உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கும் அவள் வெள்ளிக்கிழமைக்குள் அதை ஒழித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்டு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அம்மாவோ நிரந்தரமாகிவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியதற்குத் தண்டனை.

நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, பிரிண்டர் மக்கர் பண்ணுது!"

மறுபடி சொருகினாள். அவன் திரைக்குள் வந்தான், பிரிண்டரைச் சரிசெய்தான், போனான். அவன் நடமாட்டத்தை எல்லாம் பதிவுசெய்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. ஒன்றையும் திருடவில்லை. குப்பைக் கோப்புகளை அழிக்கிறான். தப்பான கூட்டலைத் திருத்துகிறான். திருட வந்தவன் வீடு பெருக்கிக்கொண்டிருக்கிறான்!

பாதிக் கணினிகளை அவன் நுழைய முடியாதபடி நெட்டிலிருந்து பிரித்து வைத்தாள். உடனே அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"எக்செல் தொங்குது."

"இத்தனை நாள் இதையெல்லாம் யார்கிட்ட சொன்னீங்க?" எரிந்து விழுந்தாள்.

"யார்கிட்ட சொல்றது? நோட்பேட்ல எழுதி வெச்சிட்டுச் சாப்பிடப் போவோம். வந்து பார்த்தா சரியாயிருக்கும்," என்றார் அக்கா.

பல்லைக் கடித்துக்கொண்டு, பிரிக்காத ஒரு கணினியில் நோட்பேடைத் திறந்தாள். 'யார்ரா நீ?' என்று தட்டினாள்.

எழுத்துகள் தாமாக முளைத்தன: 'அது அப்புறம். மூணாவது மாடி பிரிண்டரைப் போய்ப் பார்.'

வேலை ஏவுகிறான்! அவளிடமே! எல்லாக் கணினியிலிருந்தும் அவனை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"துரத்திட்டேன் சார். இனி உள்ள வர முடியாது."

"சபாஷ்!" மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணை நிரந்தரம் பண்ணிடுங்க. ஆர்டர்ல வெறும் 'உதவியாளர்'னு இருக்கே, யாருக்கு உதவியாளர்?"

"இவ துரத்தினவருக்குத்தான் சார். 'ஒத்த ஆளா சமாளிக்க முடியல, கூட ஒரு ஆள் போடுங்க'ன்னு நோட்பேட்ல கெஞ்சினாரேன்னுதானே இவளையே எடுத்தோம்!"