சாவி உள்ளவர்கள் மட்டும் அழைத்த மாதம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை உங்கள் தங்கை தினமும் போனில் விசாரித்து எனக்கு அறிவித்துவிடுவதால், தனியாகக் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

நமக்குள் உள்ள பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மாதத்துக்குள் பத்துப் பூட்டாவது திறக்கும் வேலை வராவிட்டால், இருபத்தாறு வருடப் பூட்டுக் கடையை மூடிவிட்டு உங்கள் கிடங்குக்குக் காவலாளியாக வந்துவிடுவேன் என்று உங்கள் தங்கையைச் சாட்சி வைத்துச் சொன்னேன். இன்று இருபத்தொன்பதாம் தேதி. திறந்த பூட்டு ஒன்றுமில்லை. ஆகவே வருகிறேன். ஆனால் எப்படித் தோற்றேன் என்பது மிகவும் சுவாரசியமாக இருப்பதால் முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

ஆரம்பித்துவைத்தவர் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளைதான். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொள்கிறவர்கள் இப்போது கடை போர்டைத் தேடுவதில்லை, செல்போனில் தேடுகிறார்கள், அங்கே நம் விளம்பரம் வரும், அதை அவர்கள் தொட்டால் மட்டும் நாம் காசு கொடுத்தால் போதும் என்றார். பார்த்துவிட்டுத் தொடாமல் போனால் இலவசமாம். இப்படியும் ஒரு வியாபாரம் உண்டா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனி விளம்பரம் இருந்தால்தான் பலன், அதை மளமளவென்று செய்துகொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது என்று கணினியில் ஏற்றியும் கொடுத்தார். மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் எதைத் திறப்பேன் என்று எழுத வேண்டும். வாசல் கதவு, பீரோ, கார், பெட்டி என்று பன்னிரண்டு எழுதினேன். இரண்டாவதில் நாற்பது தெருக்கள். மூன்றாவதில் எப்படித் திறப்பேன் என்பது. உடனே, உடைக்காமல், சத்தமில்லாமல், ஞாயிறன்றும், சிரித்த முகத்துடன். கடைசியாக உள்ளது உங்கள் தங்கை சேர்த்தது. அது பொய்யாயிற்றே என்றேன், விளம்பரம்தானே என்றாள். பட்டனை அழுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் இரண்டாயிரத்து நானூறு விளம்பரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ‘ரயிலடித் தெருவில் சிரித்த முகத்துடன் பீரோ திறக்கப்படும்’ என்ற இடத்தில் கண் சொருகிவிட்டது.

மறுநாள்தான் உண்மையான வேடிக்கை. விளம்பரத்தைத் தொட்டவர்கள் என்ன எழுதித் தேடினார்கள் என்பதையும் அந்த மென்பொருள் காட்டுகிறது மச்சான்! ஊரே என் கடைக்கு வந்து காதில் ரகசியம் சொல்வது மாதிரி இருந்தது. பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். குழந்தை சாவியை விழுங்கிவிட்டது என்று இன்னொருவர். சாவி வெளியே வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரித்துச் சொல்லும்படி மாப்பிள்ளையைக் கேட்டேன், அதெல்லாம் முடியாது, இப்படிப்பட்டவர்கள் தொட்டாலும் காசு போகும், அதனால் வேண்டாத சொற்களை ஒதுக்கல் பட்டியலில் எழுதிவிடுங்கள், அவற்றை எழுதித் தேடுகிறவர்கள் கண்ணில் நம் விளம்பரம் படாது என்றார். மனசில்லாமல் ‘குழந்தை’ என்று எழுதினேன். ‘இலவசம்’ என்று எழுதினேன். அடுத்த வரியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ‘சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது எப்படி’ என்று ஒரு படுபாவி தேடியிருக்கிறான். சொந்த வீடுதான் என்று அத்தாட்சி காட்டாதவனுக்கு நான் கம்பியைக் கையிலே எடுக்காதவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருட்டுப் பயல்களுக்கு என் விளம்பரம் ஒரு கேடா? ‘சாவி இல்லாமல்’, ‘சாவி இல்லை’, ‘சாவி தொலைந்தது’ மூன்றையும் பட்டியலில் சேர்த்தேன். கையால் என்றால் ஒரு வாரம் பிடித்திருக்கும். ஒரே அழுத்தில் இரண்டாயிரத்து நானூறிலும் ஏறிவிட்டது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அழைத்தவர்கள் எல்லோரிடமும் சாவி இருந்தது. ஒரு டீச்சரம்மா, இறந்துபோன அப்பா ஒரு டப்பாவில் நாற்பத்தொரு சாவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், எது எதற்கென்று தெரியவில்லை என்று கூப்பிட்டார். ஒரு பகல் முழுக்க இருவரும் வீட்டில் உள்ள ஓட்டையிலெல்லாம் நுழைத்துப் பார்த்தோம். மூன்று பொருந்தின. மிச்சம் முப்பத்தெட்டும் இந்த உலகத்தில் எதைத் திறக்கும் என்ற யோசனை இன்னும் என்னை விடவில்லை. இன்னொருவர் சாவி பத்திரமாக இருக்கிறது, பூட்டைத்தான் காணோம் என்றார். அவர் வீட்டுக்கும் போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் சாவி தொலைத்தவர் ஒருவர்கூட இல்லை. மக்கள் ரொம்பப் பொறுப்பாகிவிட்டார்கள் என்பது என் முடிவு. என் சிரித்த முகத்துக்குப் பயந்துதான் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பது உங்கள் தங்கையின் முடிவு.

கடையை விட எனக்கு மனம் வரவில்லை மச்சான். அதை எழுத வெட்கப்படவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒன்றாம் தேதி வந்துவிடுவேன். காவலாளிச் சட்டை தைக்க என் அளவு நாற்பத்திரண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். நான் வரும்வரை கிடங்குப் பூட்டில் யாரும் எண்ணெய் விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். கடைக் கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. சாவி, கருவிப் பை இரண்டும் உள்ளே. செல்போனில் ‘சாவி இல்லாமல் கதவு திறக்க ஆள்’ என்று தேடினேன். என்னுடையதில் ஒன்றுகூட வரவில்லை. சந்தைத் தெருப் பூட்டுக்காரரின் விளம்பரம் வந்தது, பத்தே நிமிடத்தில் அவரும் வந்தார். கடை என்னுடையதுதானா என்று அத்தாட்சி கேட்டார். கையில் இந்தக் கடிதம்தான் இருந்தது, பிரித்துக் கொடுத்தேன். நின்றபடி படித்தவர் ஒதுக்கல் பட்டியல் வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, சாவி இல்லாதவங்கதானே நம்மளைத் தேடுவாங்க? அவங்களைப் பூரா என் பக்கம் தள்ளிவிட்டுட்டு, யாரும் தொலைக்கலைன்னு எழுதியிருக்கீங்களே” என்றார். இந்த மாதம் அவருக்குச் சாப்பிடவே நேரமில்லையாம். கதவைத் திறந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் கண்ணெதிரிலேயே அந்த மூன்றையும் ஒரே அழுத்தில் நீக்கினேன். ஒரு மணி நேரத்தில் நாலு அழைப்பு. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, எனவே நான் வரவில்லை.

என் போன் மறுபடி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக, “அண்ணே, அந்தக் கிடங்கு வேலை இன்னும் காலியாத்தான் இருக்கா?” என்றார். கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சட்டை அளவு நாற்பது.