சபையின் இணையதளமும் உன் அக்காவின் இட்லி மாவும்

லோதி காலனி,
புதுதில்லி.

அன்புள்ள மச்சினன் தானியேலுக்கு, அத்தான் கிளமெண்ட் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்கா மரியபுஷ்பமும் மகள் வினோலியாவும் சுகம். வீட்டில் நான்காவது ஜீவனாக இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் மட்டும் சனிக்கிழமை முதல் சுகமில்லை. அங்கே சென்னையில் நீயும், உன் வீட்டாரும், ஊரார் இணையதளங்களைக் குடிவைக்கும் உன் ஹோஸ்டிங் கம்பெனியின் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் உன் சர்வர்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அவற்றுக்கு என்ன குறை? டிசம்பரிலும் ஏசி. இங்கே தில்லிக் குளிரில் நான் ஒரு ஹீட்டர் போட்டால் ஃப்யூஸ் போகிறது.

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "இந்த வயசுல எதுக்கு அத்தான் இந்தப் பாடு? சபை சைட்ட எங்க கம்பெனியில போட்டுருங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கு, ராப்பகலா பாக்கதுக்கு ஆள் இருக்கு. நீங்க நிம்மதியா இருக்கலாம்லா" என்றாய். இந்த வயசு என்றால் எந்த வயசு? உன் கல்யாணத்தில் பந்தல்காரன் வேலையைப் பாதியில் விட்டுப் போனபோது ஏணியில் ஏறி சீரியல் பல்பு கட்டியது எந்த வயசு? அந்தக் கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூட இல்லை. ஏணி இருக்கிறது. ஏணி மேல் என் இரண்டு கால்கள் இருக்கின்றன. அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

உனக்கு முழு விவரம் தெரியாது, அதனால்தான் இப்படிப் பேசுகிறாய். எங்கள் தமிழ்ச் சபைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று எவரும் நினைக்காத காலத்திலேயே அதை உண்டாக்கியவன் நான். ஆராதனை நேரம், ஜெப விண்ணப்பம், பிறந்தநாள், யார் வீட்டில் எப்போது கூட்டம் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது குடியிருப்பது என் வீட்டு ஹாலில், என் அலுவலகம் கழித்துப்போட்டு ஏலம் விட்ட ஒரு கம்ப்யூட்டரில். இத்தனைக்கும் சபையின் ஆண்டு மலரில் செயலாளர் அருள்மணி நன்றி சொன்னபோது டெண்ட் போட்டவருக்குச் சொன்னார், மைக் செட்டுக்குச் சொன்னார், வண்டி நிறுத்த இடம் கொடுத்த பால் டிப்போவுக்கும் சொன்னார். என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க நம்ம வீட்டு ஆளுல்லா அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு நன்றி?" என்கிறார். வீட்டு ஆள் என்றால் கமிட்டியில் ஒரு நாற்காலி போட வேண்டியதுதானே? இப்போது அதே அருள்மணி, தளத்தைக் கிளமெண்ட் வீட்டிலிருந்து எடுத்து ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசுகிறார். புத்தாண்டு கழிந்து வரும் ஞாயிறு முடிவெடுக்கப் போகிறார்களாம். சபையில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு பெட்டிதான், தானியேல். அதையும் எடுத்துவிட்டால் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காணிக்கைப் பையை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுகிற ஆள், அவ்வளவே.

வீட்டில் வைத்துக்கொள்வது சுலபம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. இன்டர்நெட் கேபிள் எங்கள் பிளாக்குக்கு எதிரே உள்ள வேப்பமரத்தின் வழியாக வருகிறது, அந்த மரத்தில் குரங்குகள் வருகின்றன, அவை வயரைக் கடித்துவைத்தால் நான் கேபிள்காரனைக் கூப்பிட்டு "பையா, ஜல்தி ஆவோ", சீக்கிரம் வாப்பா, என்பேன். அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாப், பந்தர் அபி பைட்டா ஹை" என்பான். குரங்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறதாம், அது எழுந்து போன பிறகு அவன் ஏறுவானாம். குரங்குக்கு என்ன அவசரம், அதற்கு ஞாயிறு ஆராதனையா, திங்கட்கிழமை ஆபீசா? இது போகட்டும். வெந்நீருக்குக் கெய்சர் போட்டால் ஃப்யூஸ் போய்ப் பெட்டி படுத்துவிடுகிறது. ஆகவே ஞாயிறு காலையில் சபையார் தளத்தைப் பார்க்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் வெந்நீர் கிடையாது என்று விதி செய்தேன். உன் அக்காவும் வினோலியாவும் சனிக்கிழமையே குளித்துவிட்டு, மறுநாள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள். நான் மட்டும் தில்லி டிசம்பரில் பச்சைத்தண்ணீரில் குளித்து, பல் கிட்டிக்க ஞானப்பாட்டு பாடுகிறேன். அருள்மணி என்னைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஆவியில நடுங்குது" என்றார். ஆவியாவது! உன் கம்பெனியில் யாராவது வாடிக்கையாளருக்காகப் பச்சைத்தண்ணீரில் குளிப்பார்களா?

இப்போது மாவுக்கு வருகிறேன். இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பது இங்குள்ள எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். கம்பளி சுற்றுவார்கள், ஓவனுக்குள் வைப்பார்கள், ஒன்றும் நடக்காது, இட்லி ஓடுபோல வரும். போன வருஷம் உன் அக்கா பெட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. மாவுச்சட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள், காலையில் மாவு பொங்கி நின்றது. "இந்தப் பெட்டிய வச்சு நீங்க செஞ்ச ஒரே உருப்படியான காரியம் இதுதான்" என்றாள். நான் இல்லை அதைச் செய்தது என்று சொல்லவும் முடியவில்லை. பிறகு பக்கத்து பிளாக் தமிழ் வீடுகளிலிருந்தும் தூக்குச்சட்டிகள் வரத் தொடங்கின. நான் எதிர்ப்புத் தெரிவித்தேன். "இது சபையின் சர்வர், மரியபுஷ்பம்." "சபை சாப்பிடாதா?" என்று கேட்டாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

சனிக்கிழமை சபையின் கீத பவனி. வேனில் வீடு வீடாகப் போய்ப் பாடி, கடைசியாக எங்கள் வீட்டில் இட்லி சாம்பார் என்று ஏற்பாடு. அதனால் உன் அக்கா இரண்டு மடங்கு மாவு அரைத்து, சட்டி விளிம்பு வரை ஊற்றி, பெட்டிமேல் ஏற்றியிருக்கிறாள். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு, முகவரி என்ன என்பதெல்லாம் தளத்தில். வேன் கிளம்பும் முன்பே அருள்மணி போன் செய்து, "அண்ணாச்சி, எதுக்கும் ஒரு பேப்பர்லயும் எழுதி வச்சிக்கிடுங்களேன்" என்றார். பவனி தம் வீட்டுக்கும் வருவதால் அவர் எங்களோடு வேனில் வரவில்லை, பலகாரம் அடுக்கிக்கொண்டு வீட்டில் இருந்தார். "எந்தக் காலத்துல இருக்கீங்க அருள்மணி?" என்றேன். சொன்னது சரிதானே? நான்கு வீடு பாடினோம். ஐந்தாவது அருள்மணி வீடு. அவர் இப்போதுதான் கிட்வாய் நகரில் புதுக் குவார்ட்டர்ஸுக்கு மாறியிருக்கிறார், அடுக்குமாடி, எந்த டவர் என்று வேனில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் போனை எடுத்தார்கள். பக்கம் திறக்கவில்லை. நான் வீட்டுக்குப் பேசினேன். வினோலியா எடுத்தாள். "அப்பா, பாக்ஸ் கே அந்தர் மாவு போயிடுச்சு. பூரா ஒயிட்டா இருக்கு. அம்மா கரண்டி வச்சு எடுக்கறாங்க." தில்லியில் வளர்ந்த பிள்ளை, பெட்டிக்குள் என்பதை அப்படித்தான் சொல்லும். பின்னால் உன் அக்காவின் குரல்: "அப்பாட்ட சொல்லு, இந்தத் தடவ மாதிரி மாவு என்னைக்கும் பொங்கலன்னு!"

அருள்மணியைக் கூப்பிட்டேன், பிஸி. ஏன் பிஸி என்றால் அவர் விடாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏன் பிஸி என்றால் மீதி வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டத்தில் வேன் டவர் டவராகச் சுற்றியது. அப்போது நம் போதகர், "நட்சத்திரம் எந்த வீட்டில் தொங்குகிறதோ அங்கே போவோம், பெத்லகேமுக்குப் போன சாஸ்திரிகளுக்கு அது போதுமாயிருந்ததே" என்றார். ஒரு பால்கனியில் பெரிய நட்சத்திரம் எரிந்தது. ஏறினோம், மணி அடித்தோம், கதவு திறப்பதற்குள் பாடத் தொடங்கிவிட்டோம். திறந்தவர் ஒரு சர்தார்ஜி. பேத்தி ஆசைப்பட்டாள் என்று சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கி மாட்டிய நட்சத்திரமாம். "ஆவோ ஜி, அந்தர் ஆவோ!" என்று அத்தனை பேரையும் உள்ளே இழுத்து உட்காரவைத்து, சுடச்சுடக் கேரட் அல்வா கொடுத்து, மேசையில் தாளம் போட்டு, இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்டார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நம் சபையில் நான் தனிப்பாட்டு பாடினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பக்கத்து டவரின் வாசலில் அருள்மணியும் அவர் மனைவியும், நம் ஊர்ப்பக்கத்து நாசரேத்திலிருந்து வந்திருந்த மாமியாரும் பட்டுச்சேலையும் ஸ்வெட்டருமாக அச்சுமுறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் பாட்டு அவர்களுக்கு நன்றாகக் கேட்டதாம். மறுநாள் கோயிலில் அருள்மணி எனக்குக் கை கொடுக்கவில்லை. அவர் மாமியார் கொடுத்தார், ஆனால் அது என்னை யாரென்று தெரியாததால்.

இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று நீயே சொல். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்த போன்கள்! சரோஜினி நகர் ரத்தினவேல், மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்காத அதே ரத்தினவேல், "கிளமெண்ட் அண்ணே, நல்லாயிருக்கீயளா? சைட்டு தெறக்கலியே" என்று ஆரம்பித்து, மூட்டுவலி, பேரன், ஊரில் மழை என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். தளம் நன்றாக ஓடிய மாதங்களில் அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. உன் கம்பெனிக்கு யாராவது போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவளிடம் மூட்டுவலியைச் சொல்ல முடியுமா?

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுது. இவ்வளவு சிறிய தளத்துக்கு வீடே உகந்தது, கம்பெனி தேவையில்லை என்று உன் கம்பெனித் தாளிலேயே எழுது. மாவைப் பற்றி ஒன்றும் வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. வருகிற ஆண்டில் கர்த்தர் உன் கையின் பிரயாசங்களை ஆசீர்வதித்து, உன் சர்வர்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
கிளமெண்ட்

பி.கு.: ஈமெயிலில் அனுப்பியிருப்பேன், என் ஈமெயிலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. ரிப்பேர்காரர் இன்று வந்து திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார், மூடிவிட்டார். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, சூடு வருகிறது, தளம் மட்டும் இனி அதில் வராதாம். நல்லவேளை, எல்லாவற்றுக்கும் நகல் வினோலியாவின் பென்டிரைவில் இருக்கிறது. எனவே மேலே எழுதியதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உன் கம்பெனியிலேயே சத்தமில்லாமல் ஓர் இடம் போட்டுவிடு. என் பெயரில் இருக்கட்டும், அருள்மணிக்குத் தெரிய வேண்டாம். கமிட்டி வந்து பார்த்தால் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், மேலே மாவு இருக்கும், உன் அக்காவுக்கும் அது போதும். வீடே உகந்தது என்ற கடிதத்தையும் மறக்காமல் அனுப்பு. இன்னும் ஒன்று. உங்களிடம் தளம் விழவே விழாது என்கிறாய். அது எனக்குச் சரிப்படாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, எல்லாரும் கோயில் விட்டு வந்து சாப்பிட்டு எழுந்த பிறகு, கொஞ்ச நேரம் அதை நிறுத்தி வை. நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.