பதுங்கறையில் ஒரு லேப்டாப்

இல்போ ஒரு முடிவோடு இருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நகராட்சி அலுவலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கிவிடுவது. நூற்று நாற்பது ஊழியர்கள், ஒரு மேடை, ஒரு மைக், நடுவில் இல்போ. பேச்சின் தலைப்பு: 'கண்டதை அமுக்காதீர்கள்.'

கண்டதை அமுக்காமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. நகராட்சியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி அவர். கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று நாலு விதி எழுதி வைத்திருந்தார். பதறாதே. நெட்டிலிருந்து பிரி. அணைக்காதே, அணைத்தால் திருடனின் காலடித் தடமும் சேர்ந்து அழிந்துபோகும். உடனே மேலிடத்தில் சொல், மறைக்காதே. இந்த நாலையும் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் மனைவி தைமியிடம் ஒத்திகை பார்த்தார். தைமி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். உருளைக்கிழங்கு உரித்தபடியே 'ம்' கொட்டுவாள். இப்படி ஒரு சபை பின்லாந்திலேயே கிடைக்காது என்று இல்போ பூரித்துப்போவார்.

வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. ஒன்பதே முக்காலுக்கு ஒரு மெயில் வந்தது.

'வீட்டுச் சங்க அறிவிப்பு. சவுனா முறை மாற்றம். சனிக்கிழமை மாலை ஆறு மணி காலியாக உள்ளது. முதலில் பதிவு செய்பவருக்கே!'

அந்த அடுக்குமாடியில் இருபத்து நாலு வீட்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே சவுனா. குடும்பத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் வெந்நீராவியில் உட்காரலாம். அதில் சனிக்கிழமை மாலை ஆறு மணி என்பது சிம்மாசனம். பத்தொன்பது வருஷமாக அதில் தரைத்தள ரெய்யோ வீற்றிருந்தார். இல்போவுக்கு வாய்த்தது செவ்வாய் மதியம் மூன்று மணி. சனிக்கிழமைக்கான காத்திருப்புப் பட்டியலில் ஏழு வருஷமாக முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

'ஐயோ, ரெய்யோ போய்ச் சேர்ந்துவிட்டாரா!' என்று மனம் பதறியது. அது பதறி முடிப்பதற்குள் விரல் மெயிலிலிருந்த இணைப்பை அமுக்கிவிட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தார். அலுவலக பாஸ்வேர்ட் கேட்டது. அதையும் கொடுத்தார். அம்மா பெயரைக் கேட்டிருந்தால் அம்மாவையே கொடுத்திருப்பார்.

கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். முற்றத்தில் ரெய்யோ சீட்டியடித்தபடி சருகு வாரிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்துக் கை அசைத்தார். இல்போவும் கை அசைத்தார். கை மட்டும்தான் அசைந்தது. மிச்ச உடம்பு உறைந்துவிட்டது.

திரையில் அம்புக்குறி தானாக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தது. 'தனியாக வசிக்கும் முதியோர்' என்ற கோப்பின் மேல் வந்து நின்றது. எந்தத் தெருவில் யார், எத்தனை மணிக்கு உதவியாள் வருவார், வாசல் பூட்டின் எண் என்ன, எல்லாம் அதற்குள் இருந்தது.

இல்போ ஓடிப்போய் வீட்டு வைஃபையைப் பிடுங்கினார். அம்புக்குறி சட்டை செய்யவில்லை. லேப்டாப்பின் வயிற்றுக்குள் தனியாக ஒரு சிம் கார்டு இருந்தது. காட்டுக்குள் போனாலும் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்று இல்போவே சண்டை போட்டு வாங்கியது. அதை நிறுத்தலாம் என்று அம்புக்குறியை இவர் இடப்பக்கம் இழுத்தால் திருடன் வலப்பக்கம் இழுத்தான். திருடனுக்குத்தான் பலம் அதிகமாக இருந்தது.

காலை பஸ் நடையை முடித்துவிட்டுத் தைமி உள்ளே வந்தாள்.

"என்னப்பா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. வேல ஜாஸ்தி."

"ரெண்டு கையையும் தலமேல வெச்சிருக்க. அப்ப அத நகத்தறது யாரு?"

"அதுவா... தானா நகரும். புது வசதி."

தினமும் முப்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் அவள். கடைசி சீட்டில் எவன் எதை ஒளிக்கிறான் என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"எதையாச்சும் அமுக்கினியா?"

"நானா? நான் போய் அமுக்குவேனா?" என்றவர், "லேசாத்தான் அமுக்கினேன்" என்றார்.

சொன்ன வேகத்தில் அணைக்கிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். தைமி பட்டென்று ஒன்று வைத்தாள்.

"அணைச்சன்னா தெரியும் சேதி! விடு அத."

லேப்டாப்பைத் திறந்தபடியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

"எங்க கொண்டுபோற?"

"குண்டு போட்டா ஒளியற எடத்துக்கு!"

கட்டடத்தின் அடியில் போர்க்காலப் பதுங்கறை இருந்தது. முழங்கை நீளத்துக்குக் கான்கிரீட் சுவர், படிப் பக்கம் ஒன்றும் முற்றத்துப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கனத்த இரும்புக் கதவுகள். போர் வரும்வரை அதில் சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டையும் குடியிருந்தன. அதற்குப் பொறுப்பாளர் தைமி. ஆண்டுக் கூட்டத்தில் மற்ற எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் நேரே பார்த்துவிட்டாள். போன வருஷம் அங்கே சாமான் எண்ணப் போனவள், போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராமல் அரை மணி நேரம் உலகத்தையே மறந்து நிம்மதியாக இருந்துவிட்டு வந்தாள்.

கம்பளிக் காலுறையோடு இல்போ பின்னால் ஓடினார். தைமி கதவைத் தள்ளிச் சாத்தி, இரும்புப் பிடியை இறுக்கினாள். லேப்டாப்பில் இணைப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்புக்குறி பாதி வழியில் அப்படியே நின்றது. தைமி சுவரில் மின்செருகியைத் தேடி சார்ஜரை மாட்டினாள்.

இல்போ அங்கே கிடந்த ஒரு பனிச்சறுக்குவண்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தைமி, நீ மனுஷியே இல்ல, தெய்வம்."

"தெய்வம் இருக்கட்டும். வெளிய வந்து ஆபீஸுக்குப் போன் போடு."

இல்போவின் கண்ணீர் உடனே வற்றியது.

"போனா? யோசிச்சுப் பேசு. நாளைக்கு நூத்திநாப்பது பேர் முன்னால 'கண்டத அமுக்காதீங்க'ன்னு பேசப்போறவன், இன்னிக்கு சவுனாவுக்கு ஆசப்பட்டு அமுக்கினேன்னு சொல்றதா? ஊரே சிரிப்பாச் சிரிச்சிடும். வேலயும் போயிடும்."

"அதனால?"

"எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா ஏத்திடறேன். ஒரு மணி நேர வேல. கேட்டா காப்பி கொட்டிருச்சும்பேன்."

தைமி அவரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள்.

"சரிப்பா. நீ படிச்சவன். ஆனா கை இந்த நடுக்கம் நடுங்குதே. மேல போயி மாவு பிசை. இதப் பூட்டி வெக்கறேன், அடங்கினதும் சாவியத் தர்றேன்."

"மாவா?"

"ஏலக்கா பன்னு. இருபது போடு."

"ரெண்டு பேருக்கு எதுக்கு இருபது?"

"உன் நடுக்கத்துக்கு இருபது வேணும். போ."

இல்போ பிசைந்தார். இரண்டு கையும் முழங்கைவரை மாவு. பஸ் டயரில் காற்றுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் தைமி வெளியே போனாள். இல்போ உருட்டினார், சர்க்கரை தூவினார், அடுப்பில் வைத்தார். துடைக்கும் திட்டம் மனசுக்குள் மளமளவென்று உருவாகியது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே, நல்ல மனுஷி என்று அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தைமி சாவியைக் கொடுத்தாள்.

"பன்னையும் தட்டோட எடுத்துட்டுப் போ. வேல செய்யறப்ப பசிக்கும்."

ஒரு கையில் இருபது பன். மறு கையில் சாவி. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றும் பென் டிரைவைப் பல்லில் கடித்துக்கொண்டார். பூட்டைத் திறந்து, தோளால் கதவை முட்டித் தள்ளினார்.

உள்ளே இருந்த சறுக்குவண்டியில் அவருடைய மேலதிகாரி ஹென்ரீகா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு கணினி வல்லுநர்கள் அவருடைய லேப்டாப்பில் ஏதோ கருவியை மாட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"வா இல்போ! ரெண்டு மணி நேரமா ஒரே பசி" என்று ஹென்ரீகா தட்டை வாங்கிக்கொண்டாள். "வாயில என்ன?"

இல்போ பென் டிரைவைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டார்.

"நான் இன்னிக்கு உனக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் போதாது" என்றாள் ஹென்ரீகா. "பத்தே காலுக்குத் தைமி போன் பண்ணா. 'மெஷின நெட்டுலேந்து பிரிச்சாச்சு, அணைக்கல, பாஸ்வேர்டும் பறிபோயிருக்கும், உடனே முடக்குங்க, முன்வாசல் வேணாம், பின்வாசலா வாங்க'ன்னா. நீ எங்கன்னு கேட்டேன். அவனுக்குக் கை வேலையா இருக்குன்னா."

இல்போ தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது.

"உன் பாஸ்வேர்ட் திருடன் கையிலதான இருந்துச்சு? மெஷின இங்க பூட்டினதும் அவன் அத வெச்சுக்கிட்டு வேற வழியா உள்ள வரப் பாத்தான். நாங்க முடக்கி ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. ரெண்டே நிமிஷம், இல்போ! அந்தப் பெரியவங்க பட்டியல் தப்பிச்சிருச்சு. போன வாரம் மதிய உணவுப் பிரிவுல ஒருத்தருக்கு இதே கதிதான். வெக்கப்பட்டு அணைச்சுத் துடைச்சுட்டாரு. தடமே இல்லாமத் திண்டாடினோம். இப்ப உன் மெஷின்ல முழுத் தடமும் சிக்கிருச்சு."

துடைக்க வந்த கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டார் இல்போ. முற்றத்துப் பக்கக் கதவில் தைமி சாய்ந்து நின்றாள். அவருக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எண்பது வயதில் தனியாகத் தூங்குகிற அத்தனை பேரின் வாசல் எண்ணும், தன் மானமும், ஒரே போனில் தப்பியிருந்தன.

அவர்கள் போனபின் சமையலறையில் தைமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மன்னிச்சிடு, தைமி. நான் மறைக்கப் பாத்தேன். நீ காப்பாத்திட்ட. மூணு வாரம் நான் கத்தினது வீண் போகல. அந்த நாலு விதியையும் அப்படியே மனசுல வாங்கி வெச்சிருந்தியே!"

"எந்த நாலு விதி?"

"அதான்... பிரி, அணைக்காத, உடனே சொல்லு..."

"ஓ, அதத்தான் தெனமும் சொல்லிட்டிருந்தியா? பஸ்ல ஒரு புள்ள தலையில அடிபட்டுக்கிட்டா தனியா உக்கார வைப்பேன், தூங்க விடமாட்டேன், உடனே பெத்தவங்களுக்குப் போன் போடுவேன். அதத்தான் செஞ்சேன்."

இல்போ இரண்டு பன்னை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி முழுக்கத் தூங்கினார், நன்றாகவே தூங்கினார். மறுநாள் மேடையில் ஏறி, தயாரித்த பேச்சை மடித்துப் பையில் வைத்தார். சவுனா மெயிலைப் பற்றிச் சொன்னார். தானே அமுக்கியதைச் சொன்னார். மறைக்கப் பார்த்ததைச் சொன்னார். பென் டிரைவைக்கூட எடுத்துக் காட்டினார். "என் மனைவிக்கு நான் நன்றிக்கடன்பட்டவன்" என்று முடித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இதற்கு முன் எந்தப் பேச்சுக்கும் அவருக்கு இப்படிக் கைதட்டு கிடைத்ததில்லை.

இல்போ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

நூற்று நாற்பது கைகளும் உயர்ந்தன. முன் வரிசையைக் காட்டி, "கேளுங்க" என்றார்.

"உங்க மனைவியோட போன் நம்பர் என்ன?"

மிச்ச நூற்று முப்பத்தொன்பது கைகளும் இறங்கின.