பந்தயத்தில் வைத்த மீசை

அன்பும் அறிவும் அவற்றைவிட அடர்த்தியான மீசையும் கொண்ட மச்சான் அவர்களுக்கு,

நாற்காலி ரிப்பேர்க்கடை மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது. உறைக்குள் புது பிளேடு ஒன்று வைத்திருக்கிறேன், கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். எதற்கு என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மகள் என் போனில் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்திருந்தாள், பெயர் 'உட்காருங்க'. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அதில் நாற்காலிகளைப் பற்றி எழுதிவந்தேன். நுனி மட்டும் தேய்ந்திருந்தால் உட்காருகிறவர் முதலாளிக்குப் பயந்தவர், இடது கைப்பிடி மட்டும் நைந்திருந்தால் அவர் வீட்டம்மா வலது பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர், இப்படி. கம்பெனி கம்பெனியாகப் போய்த் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கிற நீங்கள் அதைப் படித்துவிட்டு, "மாப்ளே, நாலாங்கிளாஸோட நின்ன ஆளு எழுதுறத எவன் படிப்பான்?" என்றீர்கள்.

"படிச்சிட்டு பத்துப் பேர் என் கடை வாசலுக்கு வந்தா?"

"மீசைய எடுத்துடுறேன்."

"வரலைன்னா?"

"என் வகுப்புல முதல் வரிசையில ஒரு நாள் முழுக்க வாயத் திறக்காம உட்காரணும்."

உங்கள் தங்கை குழம்புக் கரண்டியோடு வந்து, "ஒரு நாள் எதுக்குண்ணே, ஒரு வாரமா கேளு" என்றாள். கட்டியவளே அப்படிக் கேட்டபின் தோற்றுப்போக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை யார் உடைந்த நாற்காலி கொண்டுவந்தாலும் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறேன் என்று கையோடு வலைப்பூவில் எழுதிப் போட்டுவிட்டேன். எழுதும்போது பந்தயம்தான் மனதில் இருந்தது. போட்டு முடித்ததும், இத்தனை வருடமாகக் கடையின் மூலையில் கிடந்த வெட்டுத்துணியும் பஞ்சும் எனக்கே பெரிய சொத்து மாதிரித் தெரிந்தன. கொடுக்கப்போகிறோம் என்றதுமே குனிந்து குனிந்து வளைந்த முதுகு ஒரு விரல்கடை நிமிர்ந்துகொண்டது. எத்தனை பேர் படித்தார்கள் என்று போன் காட்டுமாம். மகள் பார்க்கப் போனாள், "பாக்காதம்மா, கண்ணு பட்டுடும்" என்று தடுத்துவிட்டேன்.

நீங்கள் அதற்குப் பிறகும் சில நாள் தங்கினீர்கள். காலையும் மாலையும் பளபளக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போனீர்கள். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தீர்கள். ஷூதான் தேய்ந்தது, தொப்பை உங்களை விட்டுப் பிரியவே இல்லை. சனிக்கிழமை ரயிலேறிவிட்டீர்கள், அதனால் மறுநாள் கூத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிறு காலை கடையைத் திறக்கப் போனால் ஷட்டரே கண்ணில் படவில்லை மச்சான், அத்தனை நாற்காலி. முக்காலி, சுழல்நாற்காலி, சாய்வு நாற்காலி, காலில்லாத நாற்காலி, காலை மட்டும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்த ஒருவர். "நான்தான் முதல்ல" என்று ஆளாளுக்குச் சண்டை. கை வேலைக்கு நான் ஒருத்தன். வேறு வழி தெரியாமல் ஒரு பெட்டிமேல் ஏறி, "உட்கார முடியலைன்னுதானே வந்திருக்கீங்க, அப்ப யாரும் உட்காரக் கூடாது, வேலையப் பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ரெக்சினை வெட்டினார். பல் டாக்டர் குறடு எடுத்துப் பழைய ஆணிகளைப் பிடுங்கினார், ஒவ்வொரு ஆணிக்கும் "வலிக்காது, வலிக்காது" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே. ரிட்டயரான பஸ் கண்டக்டர் விசிலை ஊதி வரிசை பிடித்தார். அவர் பின்னால் நகர்ந்ததில் பசை டின் ஒரு நாற்காலிமேல் கவிழ்ந்தது, அதைப் பார்க்காமல் அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க மற்றவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவருக்கு அன்றைக்குத்தான் நிரந்தர இடம் கிடைத்தது. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் அசரவில்லை, "ரெண்டு பேர் என்னைத் தூக்குங்கப்பா, வரிசை கலையுது" என்றார். பல்லக்கில் போவதுபோல் போய் விசில் ஊதினார். மாலையில் தையல்காரம்மா கத்தரி எடுத்து அவரை விடுவித்தார், பேண்ட்டில் பாதி நாற்காலியோடு தங்கிவிட்டது.

நான் அன்று ஒரு ஆணிகூட அடிக்கவில்லை மச்சான். "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க", "அங்க இல்ல, இங்க", "பலே", இவ்வளவுதான் சொன்னேன். இதைத்தானே நீங்கள் நாள் முழுக்கத் திரையில் படம் போட்டுச் சொல்லித்தருகிறீர்கள்? பொழுது சாயும்போது எல்லா நாற்காலியும் நான்கு காலில் நின்றன. வீட்டில் தேவைக்கு மேல் வைத்திருந்தவர்கள் சிலதை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய், உட்கார இடமில்லாத பஸ் நிறுத்தத்தில் வரிசையாகப் போட்டோம். மறுநாள் காலை அந்தப் பக்கம் போனேன். பஸ் வந்தும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

ஆகவே, எழுத்து வென்றது, மீசை தோற்றது. வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, மீசைக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
'உட்காருங்க' வலைப்பூவின் ஆசிரியரும், தலைவரும், உங்கள் மாப்பிள்ளையுமான நான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி கிழித்து எழுதுகிறேன். தையல்காரம்மா மறந்துபோன கத்தரியை வாங்க இப்போதுதான் வந்தார். "என் பிளாக்ல எது பிடிச்சிருந்துச்சு?" என்று பெருமையாகக் கேட்டேன். "பிளாக்கா, அப்படின்னா? பெரிய மீசை வச்ச ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க வந்து, போனைப் பாத்து நாற்காலிக் கதையெல்லாம் படிச்சுக் காட்டினாரே, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்கன்னு சொன்னார்" என்றார். ஓடிப்போய்க் கண்டக்டரைக் கேட்டேன், அவரிடமும் வந்து சொன்னது அதே மீசைக்காரர். பல் டாக்டரைக் கேட்டேன், மீசைக்காரர். மகள் போனைத் திறந்து பார்த்தாள். அந்த அறிவிப்பைப் படித்தவர்கள் மொத்தம் மூன்று பேர்: அவள், அவள் அம்மா, நீங்கள்.

சொந்த மீசையை இழப்பதற்காக வீடுவீடாக நடந்த ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பந்தயத்தில் நான் தோற்றேன். உறைக்குள் பிளேடைத் தேடாதீர்கள், எடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் உங்களை அந்த மீசையை வைத்துத்தான் தெரியும். வகுப்பு என்றைக்கு என்று எழுதுங்கள், முதல் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். நாற்காலியை மட்டும் நானே கொண்டுவருகிறேன்.